உடலின் திசைகளைத் தமிழில் வகுத்த டாக்டர் கிறீன்

ஒரு மொழிக்குத் தொண்டு செய்தோரெல்லாம் அம்மொழி வழங்கும் நாட்டிற் பிறந்தோராகவே இருத்தல் வேண்டும் என்னும் நியதி உலகில் இல்லை. கடல் கடந்து வந்து, தமிழ் கற்று, தமிழ் மக்களுக்காக உழைத்த பிற நாட்டார் பலரை நம் இலக்கிய வரலாறு நன்றியோடு குறிப்பிடுகின்றது. வீரமாமுனிவர், போப்பையர், கால்டுவெல் ஐயர் ஆகியோர் பள்ளிச் சிறுவர்க்கும் தெரிந்தவர்கள். ஆயின் நோயாளியின் படுக்கையருகே நின்று தமிழ் வளர்த்த ஒருவரின் பெயர் யாழ்ப்பாணத்துக்கு அப்பால் அதிகம் பேசப்படாதிருக்கின்றது. அவரே டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

மனித உடலில் எவ்வுறுப்பு எங்கே உள்ளது, எதற்கு மேல், எதற்குக் கீழ், எதற்கு முன், எதற்குப் பின் என்பனவற்றை ஐயத்துக்கிடமின்றித் தமிழிற் சொல்ல முடியும் என்று நூல்கள் வாயிலாக நிலைநாட்டியவர் அவர். நம் கல்லூரியின் நிறைவிழா மலரில், பழைய மாணவரும் இந்நாள் மாணவரும் ஆசிரியப் பெருமக்களும் ஒருங்கே படிக்கத் தக்க வரலாறு அவருடையது என்பதனால் அதனைச் சுருக்கமாக ஈண்டு எழுதலுற்றோம்.

இளமையும் கல்வியும்

அமெரிக்க நாட்டில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் வூஸ்ரர் என்றொரு நகரம் உண்டு. அந்நகரின் புறத்தே கிறீன் குடும்பத்தாருக்குரிய மேட்டு நிலம் ஒன்று இருந்தது. அதனைக் கிறீன் ஹில் என்று அழைப்பர். அங்கே 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 10ஆம் நாள் சாமுவேல் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், பெரிய குடும்பம். இளமையிலேயே தாயை இழந்த சாமுவேல், உடன்பிறந்தாரின் அரவணைப்பில் வளர்ந்தார். தமையனாருள் ஒருவரான அன்ட்ரூ கிறீன் என்பவர் பிற்காலத்தில் நியூயோர்க் நகரின் மத்திய பூங்காவை அமைப்பதிலும், 1898இல் அந்நகரை விரிந்த மாநகராக ஒன்றிணைப்பதிலும் முன்னின்று பெரும் புகழ் பெற்றார்.

சாமுவேல் நியூயோர்க் நகரத்து மருத்துவர், சத்திர வைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845இற் பட்டம் பெற்றார். செல்வம் ஈட்டத் தக்க தொழில் கைவந்திருந்தும், அமெரிக்க மிஷனிற் சேர்ந்து கீழைத்தேயத்துக்கு மருத்துவராகச் செல்லத் துணிந்தார். 1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து.

ஈழத்துக்கு வருகை

அமெரிக்க மிஷனார் மருத்துவப் பணியை யாழ்ப்பாணத்தில் அதற்கு முன்னரே தொடங்கியிருந்தனர். டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820இற் பண்டத்தரிப்பிற் பணி தொடங்கினார். அவருக்குப் பின் டாக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையில் இருந்தார். கிறீனும் முதலில் வட்டுக்கோட்டையிலேயே தங்கினார். விரைவிலே மானிப்பாய்க்கு இடம் மாறி, 1848இல் அங்கே சில மாணவரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார்.

மானிப்பாய் அக்காலத்தில் தமிழ்ச் சொல்லுக்குப் பேர்போன ஊர். 1842இல் வெளிவந்த தமிழகராதியை இன்றும் மானிப்பாய் அகராதி என்றே வழங்குகின்றோம். அச்சுக்கூடமும் அகராதியும் புலவரும் இருந்த ஊரில் ஒரு மருத்துவர் வந்து குடியேறியமை தமிழ் செய்த தவமாகும்.

இன்னுமொரு பொருத்தத்தை நம் சைவ மக்கள் நினைவுகூர்தல் தகும். யாழ்ப்பாணம் நல்லூரில் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவதரித்ததும் அதே 1822ஆம் ஆண்டிலேதான். கிறீன் பிறந்து இரண்டு திங்கள் கழித்து, டிசம்பர் 18ஆம் நாள். நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் கிறீன் மானிப்பாயில் மருத்துவ வகுப்பைத் தொடங்கியதும் 1848ஆம் ஆண்டே. கொள்கையால் இருவரும் எதிரெதிர்க் கரைகளில் நின்றவர். ஒருவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். மற்றவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்ப வந்தவர். ஆயினும் தெளிந்த தமிழ் வசனத்தினால் எப்பொருளையும் சொல்லலாம் என்னும் நம்பிக்கை இருவர்க்கும் பொதுவாயிருந்தது. நாவலர் அவ்வசனத்தைச் சமய நூல்களுக்கும் பாலபாடங்களுக்கும் ஆக்கினார். கிறீன் அதனை எலும்புக்கும் நரம்புக்கும் ஆக்கினார்.

அரசாங்க அதிபர் டைக் துரையவர்களின் முயற்சியால் 1850இல் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் ஆதுலர்சாலை எழுந்தது. அதனோடும் கிறீனுக்குத் தொடக்கத்திலேயே தொடர்பு ஏற்பட்டது. பேதி நோய் பரவிய காலங்களில் அவரும் அவர் மாணவரும் ஊரூராகச் சென்று மருந்து கொடுத்தனர்.

தமிழ்வழி மருத்துவக் கல்வி

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். மாணவர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பிறவிடங்களிலும் ஆங்கிலம் பயின்றவராதலின் அது எளிதாயிருந்தது. ஆயின் காலம் செல்லச் செல்ல ஓர் உண்மையை அவர் கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் பயின்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தையும் பட்டினத்து வருவாயையும் நாடி ஊரை விட்டு நீங்கினர். யாருக்காகப் பயிற்றப்பட்டனரோ அவரிடத்தில் அவர்கள் தங்கவில்லை. கிராமத்து நோயாளி முன்போலவே மருத்துவரின்றி இருந்தான்.

1857ஆம் ஆண்டளவில் கிறீன் தாய்நாடு சென்று, 1862இல் மார்கரெட் வில்லியம்ஸ் என்னும் அம்மையாரை மணந்து, அவருடன் மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். 1864ஆம் ஆண்டு முதல் மருத்துவத்தை முழுவதும் தமிழிலேயே கற்பிப்பது என்று உறுதிசெய்தார். தமிழிற் கற்றவன் தமிழூரிலேயே தங்குவான், நோயாளி சொல்வதை அவன் விளங்குவான், அவன் சொல்வதை நோயாளியும் விளங்குவான் என்பன அவருடைய கணிப்பு.

மாணவர் உடையிலும் உணவிலும் ஐரோப்பியரைப் பின்பற்றுவதை அவர் விரும்பவில்லை. சமயம் மாறினும் நடையுடை பாவனையால் அவர்கள் தமிழராகவே வாழ்தல் வேண்டும் என்று கருதினார். மிஷனாருள்ளே இத்தகைய எண்ணம் அக்காலத்தில் அரிது. அவர் தம் வாழ்நாளிற் பயிற்றிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றுத் தேறினர்.

நூற்பணி

வகுப்பு நடத்துவதற்கு நூல் வேண்டும். ஆகவே கிறீன் தாமே நூல் செய்யப் புகுந்தார். கல்வின் கற்றர் என்பார் ஆங்கிலத்தில் எழுதிய நூலைத் தழுவிய அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1852இல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்பது உடலமைப்பு. சுகரணம் என்பது உறுப்புக்களின் தொழில். உற்பாலனம் என்பது உடலைப் பேணும் முறை. பின்னர்ப் பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும், மனுஷ சுகரணம் 1883இலும், இந்து பதார்த்த சாரம் 1884இலும் வெளிவந்தன. கலைச்சொற்களைத் தொகுத்து அருஞ்சொற்றொகுதியும் செய்யப்பட்டது. இவையனைத்தும் சேர்ந்து நாலாயிரம் பக்கங்களுக்கு மேற்படும்.

இப்பணியை அவர் தனியே செய்தாரல்லர். அவரிடம் கற்ற தமிழ் மாணவரும் தமிழறிந்த உதவியாளரும் மொழிபெயர்ப்பிலும் திருத்தத்திலும் பங்கு கொண்டனர். ஒரு நூலை மொழிபெயர்த்தவர் ஒருவர், பார்வையிட்டுத் திருத்தியவர் மற்றொருவர் என்னும் முறையிலே பல நூல்கள் உருவாயின. கெமிஸ்தத்தைத் தமிழ் செய்தவர் சுவாமிநாதன் என்னும் தமிழரே.

கலைச்சொல் ஆக்கத்துக்கு அவர் ஒரு வரிசை வகுத்துக் கொண்டார். முதலில் தமிழிலே அச்சொல் உண்டோ என்று தேடுதல். இல்லையாயின் வடமொழியிலே தேடுதல். அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இசைய எழுதிக்கொள்ளுதல். கெமிஸ்தம் என்னும் நூற்பெயரே மூன்றாம் வழிக்குச் சான்று. இன்று கலைச்சொல் ஆக்குவோர் பலரும் ஏறக்குறைய இதே வழியிற் செல்கின்றனர்.

இந்நூல்களுள் முதன்மையானது மனுஷ அங்காதிபாதம். இலண்டன் நகரத்து ஹென்றி கிறே என்பவரின் உடலமைப்பு நூலை முதலாகக் கொண்டது அது. கிறேயின் நூல் முதன்முதல் 1858இலே வெளிவந்தது. அதற்குப் படம் வரைந்த ஹென்றி கார்ட்டர் பின்னர் பம்பாய்க்கு வந்து மருத்துவப் பணி புரிந்தார். கிறே 1861இற் பெரியம்மை கண்டு முப்பத்துநான்காம் வயதில் இறந்தார். உலகெங்கும் இன்றுவரை மருத்துவ மாணவர் போற்றும் அந்நூல், தோன்றிப் பதினான்கு ஆண்டுகளுக்குள் தமிழ் உருவம் பெற்றது.

உடலும் திசையும்

உடலமைப்பு நூலை மொழிபெயர்ப்போருக்கு வரும் முதற் சங்கடம் உறுப்புக்களின் பெயரன்று. கை, கால், ஈரல், குடல் முதலியவற்றுக்குப் பெயர்கள் நம்மிடம் பண்டே உண்டு. அவற்றின் இடத்தைச் சொல்வதே இடர்ப்பாடு. முதிர்ந்த மனிதன் உடலில் 206 எலும்புகள் உள்ளன. ஒவ்வோர் எலும்புக்கும் முனையும் விளிம்பும் துளையும் உண்டு. ஒன்றையொன்று எத்திசையில் தொட்டு நிற்கின்றது என்று சொல்லும் சொற்கள் வரையறையின்றி இருப்பின், ஓர் எலும்பைத் தானும் விவரித்தல் இயலாது.

இதற்காக மருத்துவர் ஓர் உடன்பாடு செய்துள்ளனர். மனிதன் நிமிர்ந்து நிற்கின்றான், முகம் நேரே நோக்குகின்றது, கைகள் இருபுறமும் தொங்குகின்றன, உள்ளங்கைகள் முன்னோக்கியிருக்கின்றன. அவன் கட்டிலிற் கிடந்தாலும், குப்புற வீழ்ந்தாலும், மரத்தில் தொங்கினாலும் இந்நிலையில் நிற்பவனாகவே கொண்டு திசை கூறுதல் வேண்டும். அப்பொழுது தலைப்பக்கம் மேல், பாதப்பக்கம் கீழ். நெஞ்சுப்பக்கம் முன், முதுகுப்பக்கம் பின். உடலை இடம் வலமாகப் பிளக்கும் நடுக்கோட்டுக்கு நெருங்கியது உட்பக்கம், விலகியது வெளிப்பக்கம். கையிலும் காலிலும் உடம்போடு பொருந்தும் மூட்டை அடிப்படையாகக் கொண்டால், முழங்கை தோளுக்கு அண்மையது, மணிக்கட்டு சேய்மையது. தோலுக்கு அருகில் உள்ளது மேலோட்டமானது. எலும்பை அணுகியது ஆழமானது.

இவற்றுள் மாணவரைப் பெரிதும் மயக்குவது இடமும் வலமும். நூலிலே வரைந்த இருதயத்தின் இடப்புறம், பார்ப்பவனுக்கு வலக்கைப் பக்கத்திலே தோன்றும். திசை, படத்திலுள்ள மனிதனுக்குரியது, பார்ப்பவனுக்குரியதன்று. நம் சைவ மாணவருக்கு இது கடினமாகாது. அர்த்தநாரீசுவரத் திருவுருவத்தில் உமையம்மையார் இடப்பாகத்தில் விளங்குகின்றார் என்கின்றோம். வணங்குவோனுக்கு அம்மையின் பாகம் வலக்கைப் பக்கமாகவே தெரிகின்றது. எனினும் இறைவனுடைய இடப்பாகம் என்றே சொல்கின்றோம். மருத்துவ நூலார் விதித்த விதியும், நம் சிற்ப நூலார் கொண்ட வழக்கும் இவ்விடத்தில் ஒன்றே.

தமிழிலே திசைச்சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஏழாம் வேற்றுமையின் இடப்பொருளை உணர்த்தும் சொற்களைத் தொல்காப்பியர் தொகுத்தார். நன்னூலார் அவற்றை இருபத்தெட்டாக விரித்தார். கண், கால், வாய், தலை ஆகிய உறுப்புப் பெயர்களே இடத்தைக் காட்டும் உருபாகவும் அங்கு நிற்கின்றன. முன், பின், மேல், கீழ், உள், புறம், இடை, கடை, வலம், இடம் ஆகிய அனைத்தும் அப்பட்டியலில் உண்டு. உள்ளங்கை, புறங்கை, உள்ளங்கால், புறங்கால் என்று மக்கள் இயல்பாகவே பேசுகின்றனர். தெய்வத்தைப் பாதம் முதற் கேசம் வரையும், மானிடரைக் கேசம் முதற் பாதம் வரையும் முறைப்படுத்திப் பாடும் பிரபந்தங்களும் நமக்குண்டு. வர்ம நூலார் உடலின் தானங்களை விரற்கடையால் அளந்து குறித்தனர்.

ஆயின் வளமே சில வேளை மயக்கம் தரும். மேல் என்பது உயரத்தையும் குறிக்கும், மேற்குத் திசையையும் குறிக்கும், பின்வரும் காலத்தையும் குறிக்கும், பேச்சு வழக்கில் உடம்பையும் குறிக்கும். கீழ் என்பது தாழ்வையும் கிழக்கையும் குறிக்கும். முன் என்பது இடமும் ஆகும், காலமும் ஆகும். கை என்றால் தோள் முதல் விரல் வரை முழுவதும் ஆகும். விரல்களோடு கூடிய நுனிப்பகுதி மட்டும் ஆகும். நெஞ்சு என்றால் மார்பும் ஆகும், தொண்டையும் ஆகும், மனமும் ஆகும். கவிஞனுக்கு வரமாகும் இவ்வியல்பு, கத்தியைக் கையிலேந்திய மருத்துவனுக்குப் பகையாகும். பல பொருள் குறித்த சொல்லை ஒரு பொருளில் நிறுத்தி, நூல் முழுவதும் அப்பொருளிலேயே ஆளுதல் என்னும் ஒழுங்கு அவனுக்கு வேண்டும். அவ்வொழுங்கைத் தமிழ் வசனத்திற் பல நூறு பக்கங்களுக்கு நடத்திக் காட்டியமையே கிறீனுடைய தலையாய தொண்டு.

இதன் அருமையை உணர ஓர் ஒப்புநோக்குப் போதும். ஐரோப்பிய உடலமைப்பு நூலார் தமக்குள் வழங்கிய பல்வேறு பெயர்களையும் ஒழுங்குபடுத்தி, யாவரும் ஏற்கத் தக்க பொதுப்பட்டியல் ஒன்றைப் பேசல் நகரில் 1895ஆம் ஆண்டிலேதான் வகுத்தனர். தமிழில் மனுஷ அங்காதிபாதம் அச்சேறியது அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்னராகும். மேல்நாட்டாரே சொல்லில் முற்றும் உடன்படாதிருந்த காலத்தில், மானிப்பாயிலே ஒரு சிறு குழுவினர் தமிழுக்குச் சொல் வரையறுத்துக் கொண்டிருந்தனர்.

இன்று நம் பாடசாலைகளில் உயிரியல் பயிலும் மாணவர் மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் என்று எழுதுகின்றனர். சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் அண்மை மடிந்தது, சேய்மை மடிந்தது என்று பிரித்தறிகின்றனர். நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கும் நாற்காலிற் செல்லும் மாட்டுக்கும் ஒருங்கே பொருந்துமாறு முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்று ஆளுகின்றனர். இச்சொற்களுட் பல பிற்காலத்தார் ஆக்கியவை. ஆயினும் இவ்வாறு எழுதலாம் என்னும் துணிவைத் தமிழுக்குத் தந்தவர் அவரே.

1872ஆம் ஆண்டு

மலைநாட்டில் வாழும் நமக்கு 1872 என்னும் ஆண்டு வேறொரு வகையாலும் நினைவிற் கொள்ளத் தக்கது. கிறீன் யாழ்ப்பாணத்திற் பணி புரிந்த காலம், இந்நாட்டு மலைகளிற் கோப்பிப் பயிர் செழித்த காலம். தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் கடல் கடந்து மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே கால்நடையாக வந்தனர். பேதியும் காய்ச்சலும் அவ்வழியிலே பலரைக் கொண்டன. எஞ்சியோர் மலையேறி லயங்களிற் குடியமர்ந்தனர். 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. உடப்புசல்லாவை முதலான மலைச்சரிவுகள் காலப்போக்கிலே தேயிலைப் பசுமை பூண்டன.

கோப்பித் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென அரசாங்கம் 14ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது 1872ஆம் ஆண்டிலேதான். தமிழில் உடலமைப்புப் பெருநூல் வடக்கே வெளிவந்த அதே ஆண்டில், தமிழ்த் தொழிலாளருக்கு மருத்துவம் வேண்டும் என்று தெற்கே சட்டம் பிறந்தது. நூல் ஒரு மூலையில், தேவை மற்றொரு மூலையில். இவ்விரண்டையும் இணைக்கும் பாலம் கட்டப்படவில்லை. 1870இல் கொழும்பிலே தொடங்கிய அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆங்கிலத்திலேயே கற்பித்தது. கிறீன் சென்ற பின்னர் மானிப்பாயின் தமிழ்வழிக் கல்வியும் தளர்ந்து மறைந்தது. நாட்டின் ஒரு பகுதித் தமிழர் தம் மொழியிற் பெற்ற மருத்துவ நூல், மற்றொரு பகுதித் தமிழரின் படுக்கையை எட்டாமற் போயிற்று.

இறுதிக் காலம்

உடல் நலங்குன்றிய கிறீன் 1873இல் குடும்பத்தோடு தாய்நாடு திரும்பினார். பிறந்த மேட்டிலேயே வாழ்ந்தார். அங்கும் ஓய்ந்திருந்தாரல்லர். யாழ்ப்பாணத்து உதவியாளருடன் கடிதத் தொடர்பு கொண்டு, தாள்களை வரவழைத்துத் திருத்தி அனுப்பினார். மனுஷ சுகரணமும் இந்து பதார்த்த சாரமும் இக்காலத்துப் பயன்கள். தமிழ் பேசுவார் எவருமில்லாத குளிர்நாட்டில் அமர்ந்து தமிழ் நூலைப் பிழை நோக்கிய அம்முதியவரை நினைக்குந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றது.

1884ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். தம் கல்லறையிலே தாம் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்பதைப் பொறிக்குமாறு அவர் விரும்பியிருந்தார், அவ்வாறே பொறிக்கப்பட்டது. கிறீன் ஹில் 1905இல் வூஸ்ரர் நகர மக்களுக்கு நன்கொடையாகி, பொதுப் பூங்காவாக விளங்குகின்றது. மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை நிலைத்துள்ளது.

அவர் சமயப் பணிக்காகவே வந்தவர் என்பதை மறைத்தல் உண்மையாகாது. இந்துக் கல்லூரிகள் தோன்றியதே, மிஷன் பாடசாலைகளிற் சென்று மதம் மாறாமல் நம் பிள்ளைகள் கல்வி பெறுதல் வேண்டும் என்னும் நோக்கத்தினாலன்றோ? அந்நோக்கத்தால் உண்டான ஒரு கல்லூரியின் மலரிலே ஒரு மிஷனாரைப் போற்றுதல் பொருந்துமோ என்று சிலர் ஐயுறலாம். அவர் கொண்ட சமயம் அவரோடாகுக. அவர் தந்த தமிழ் நம்மதாகுக. நன்றி மறவாமை நம் முன்னோர் விதித்த அறங்களுள் முதன்மையானது.

நமக்கு எஞ்சிய கடமை

கிறீன் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தோன்றியது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும் நம் மலைப்பகுதியில் நோயுற்ற ஒருவர் வைத்தியசாலைக்குச் செல்லும்பொழுது, அவருடைய மொழியை அறியாத மருத்துவர் முன் நிற்க நேர்வது இன்றும் உண்டு.

கொழுந்து பறிக்கும் பெண்மணியின் கூடைக் கயிறு நெற்றியினின்றும் உச்சியினின்றும் முதுகுக்கு இறங்குகின்றது. ஆண்டுக்கணக்காகப் பாரம் தாங்கிய பிடரியிலோ, தோட்பட்டையின் உட்புறத்திலோ, இடுப்பின் பின்புறத்திலோ நோவு தோன்றும். அவள் மேலெல்லாம் வலி என்கின்றாள். மேல் என்பது உடம்பு என்று அறிந்தவனுக்கு அவள் சொல்வது விளங்கும். உயரத்தைக் குறிக்கும் சொல் என்று மட்டும் அகராதியிற் கற்றவன், வலி உடலின் மேற்பாதியில் என்று எழுதிக்கொள்வான். தோட்டத்திலே மேற்கணக்கு எது, கீழ்க்கணக்கு எது என்பதை ஒரு குழந்தையும் தவறாமற் சொல்லும். அத்தகைய தெளிவு வைத்தியசாலைக் கட்டிலிலும் வேண்டும். இடப்புறத்துக்குப் பதிலாக வலப்புறத்திற் கத்தி வைத்துவிடும் தவறு வளர்ந்த நாடுகளிலும் நேர்ந்துள்ளது. அதனைத் தடுத்தற்பொருட்டு உலக சுகாதார நிறுவனம் 2008இல் சத்திர சிகிச்சைக்குரிய சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டு, வெட்ட வேண்டிய இடத்தை முன்கூட்டியே குறியிடுதலையும் அதிற் சேர்த்தது. திசைச்சொல் ஒன்றின் பிழை ஓர் உயிரின் விலையாகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆதலின் நம் மாணவருக்கு மூன்று வேண்டுகோள்களை விடுக்கின்றோம். உயிரியல் கற்போர் தமிழ்க் கலைச்சொற்களை மனனம் செய்து விட்டுவிடாமல், அச்சொல் உடலில் எவ்விடத்தைச் சுட்டுகின்றது என்று தம் உடலிலேயே தொட்டறிதல் நன்று. மருத்துவ பீடம் புகுவோர் ஆங்கிலச் சொல்லைக் கற்கும்பொழுது, அதற்கு இணையாக நம் தாய்மார் லயத்திற் பேசும் சொல்லையும் குறித்து வைத்தல் நன்று. மருத்துவராய்த் தேறி வருவோர், எங்கே கற்றாராயினும், ஒருசில ஆண்டுகளேனும் இம்மலைகளுக்குத் திரும்பி வந்து பணி செய்தல் எல்லாவற்றினும் நன்று. ஆங்கிலத்திற் கற்றவர் ஊரை விட்டு நீங்குவதைக் கண்டே கிறீன் தமிழ்வழிக் கல்விக்குத் திரும்பினார் என்பதை அவர்கள் மறவாதிருப்பாராக.

பழைய மாணவருள் மருத்துவராயும் தாதியராயும் மருந்தாளராயும் விளங்குவோர்க்கும் ஒரு வார்த்தை. நோயாளி தம் நோவுக்கு வழங்கும் சொற்களைத் தொகுத்து ஒரு சிறு கையேடு ஆக்கித் தருதல் உங்களாலே இயலும். வலி எங்கே என்று கேட்கவும், அவர் தரும் விடையை மேல், கீழ், முன், பின், உள், புறம் எனத் தெளிவாக எழுதவும் உதவும் அக்கையேடு, தமிழறியாத மருத்துவருக்கும் பயன்படும். வேற்று நாட்டார் ஒருவர் நாலாயிரம் பக்கம் எழுதினாராயின், நாம் நாற்பது பக்கமேனும் எழுதலாகாதோ?

தமிழர் உடலைத் தமிழாலே அறிந்து தமிழாலே பேண முயன்ற டாக்டர் கிறீனின் நாமம் நம் மலைநாட்டிலும் நிலவுவதாக. அவர் தொடங்கிய பணி நம் கல்லூரி மாணவர் கையிலே நிறைவெய்துவதாக.